நெடுங்கால் உள்ளானின் சிவப்புக் கண்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் ஒரு தொலைகாட்டியைக் கொண்டுவந்து தந்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. 130 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி, 650 மி.மீ. குவியத் தூரம். பிள்ளைகள் சந்திரனைப் பார்க்கட்டும் என்றுதான் அவர் கொண்டுவந்தார். என் நினைவு முழுக்க யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் இருந்தது. மார்கழி தொடக்கம் பங்குனி வரை அங்கே வந்து நிற்கும் பறவைகளை என்னுடைய 55-200 லென்ஸால் புள்ளி புள்ளியாகத்தான் எடுத்து வைத்திருந்தேன். 650 என்றால் அதன் மூன்று மடங்குக்கும் மேல்.

மறுநாள் வளவுக்குள் வைத்துப் பார்த்தேன். கமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டு, ஒரு இணைப்பு வளையத்தைப் பூட்டி, தொலைகாட்டியில் கண்வில்லை இருக்கிற இடத்தில் கமராவையே செருகினேன். குமிழைத் திருகித் திருகி உள்ளே தள்ள, வேலியோரத்து முருங்கைப் பூ வடிவாகத் தெளிந்தது. பூவுக்குள் ஓடிய எறும்பின் கால்கூடத் தெரிந்தது. மனம் நிறைந்துவிட்டது.

ஞாயிறு விடியப் பண்ணைக்குப் போனேன். சேற்றில் நெடுங்கால் உள்ளான்கள் நின்றன. ஒரு நூறு மீற்றர் இருக்கும். முக்காலியை விரித்து, குழாயைத் திருப்பி, குமிழைத் திருகினேன். வெள்ளையும் கறுப்புமாக மங்கல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் திருகினால் தெளிந்துவிடும் என்கிற இடத்தில் குமிழ் முட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் உள்ளே போக இடமில்லை. ஒரு மணித்தியாலம் முயன்றும் ஒரு படம்கூடத் தெளிவாக வரவில்லை.

முருங்கைப் பூ தெளிந்தது, உள்ளான் ஏன் தெளியவில்லை? உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு விடை தெரியும். நானும் படித்தவன்தான், கொப்பியை மீண்டும் திறக்க வேண்டியிருந்தது. கிட்ட இருக்கிற பொருளின் விம்பம் குவியத்திலிருந்து சற்று வெளியே தள்ளி விழும். 650 மி.மீ. குவியத் தூரத்தில், 15 மீற்றரில் இருந்த பூவின் விம்பம் ஏறத்தாழ 29 மி.மீ. வெளியே விழுந்திருக்கிறது. நூறு மீற்றரில் நின்ற பறவையின் விம்பமோ 4 மி.மீ.தான் வெளியே வந்தது. இடையில் 25 மி.மீ. அந்த 25 மி.மீ. தூரத்துக்குக் கமராவை உள்ளே தள்ளத்தான் குழாயில் இடம் இருக்கவில்லை.

கண்ணாடியுள்ள நியூட்டன் வகைத் தொலைகாட்டிகள் பலவற்றில் இந்தச் சிக்கல் உண்டு. விம்பம் குழாய்க்குச் சற்று வெளியே, கண்வில்லைக்கு வசதியான இடத்தில் விழும்படிதான் அவற்றைச் செய்திருப்பார்கள். டி.எஸ்.எல்.ஆர். கமராவுக்குள் ஒரு கண்ணாடி ஏறி இறங்குவதால், சென்சர் கமராவின் வாயிலிருந்து ஆழத்தில் இருக்கும்: நிகோனில் 46.5 மி.மீ., கெனானில் 44 மி.மீ. வளையத்தின் தடிப்பையும் சேர்த்தால் 55 மி.மீ. விம்பம் அவ்வளவு தூரம் வெளியே வராது. இடையில் ஒரு பார்லோ வில்லை (விம்பத்தைப் பெருப்பித்து வெளியே தள்ளுகிற வில்லை) போட்டால் வரும். ஆனால் இரண்டு மடங்கு பார்லோ குவியத் தூரத்தை 1300 ஆக்கி, வெளிச்சத்தைக் கால்வாசியாக்கிவிடும். மச்சானின் தொலைகாட்டி இன்றைக்கும் எங்கள் மொட்டை மாடியில் சந்திரனையும் வியாழனையும் காட்டிக்கொண்டிருக்கிறது. அது அதற்கென்றே பிறந்தது. பறவைக்கு வேறு வேண்டும்.

அன்றிலிருந்து நான் படித்ததையும், இரவல் வாங்கிப் பரிசோதித்ததையும், கடைசியில் வாங்கியதையும்தான் இங்கே எழுதுகிறேன். இதில் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: தொலைகாட்டியைத் தெரிவதற்கு முன், எந்தப் பறவையின் எதை, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போகிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள். மற்ற எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் வரும்.

என்னுடைய கணக்கு நெடுங்கால் உள்ளானின் கண். வளர்ந்த பறவைக்குக் கண் சிவப்பு. அந்தச் சிவப்பும், அதற்குள் ஒரு ஒளிப்பொட்டும் படத்தில் தெரிந்தால் எனக்குக் காணும். என்னுடைய கமரா நிகோன் டி 5300. சென்சரின் அகலம் 23.5 மி.மீ., உயரம் 15.6 மி.மீ., பிக்சல் ஒன்று 4 மைக்ரோனுக்கு ஒரு சொட்டுக் குறைவு. சென்சரில் விழும் உருவத்தின் அளவை எவரும் கணக்கிடலாம்: பறவையின் உயரத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கி, நிற்கும் தூரத்தால் பிரித்தால் சரி. உள்ளான் நிமிர்ந்து நின்றால் ஒன்றேகால் அடி, 38 சென்ரிமீற்றர் என்று வைப்போம். 600 மி.மீ. குவியத் தூரத்தில், நூறு மீற்றரில் நிற்கும் உள்ளான் சென்சரில் 2.3 மி.மீ. உயரம்தான். அதாவது 600 பிக்சல்கூட இல்லை. அதன் கண் 6 மி.மீ. என்றால் ஒன்பது பிக்சல். அதில் சிவப்பு ஒரு கறையாக வரும், கண்ணாக வராது. அதே பறவை 40 மீற்றரில் நின்றால் 1400 பிக்சலுக்கு மேல். கண்ணுக்கு 23 பிக்சல். இப்போது ஒளிப்பொட்டுக்கும் இடம் இருக்கிறது.

சுண்டிக்குளத்துப் பூநாரைக்கு இந்தக் கணக்கு வேறு. நாலு அடிக்கு மேல் உயரமான பறவை அது. 150 மீற்றரில் நின்றாலும் படச் சட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். பூநாரைக்கென்று தொலைகாட்டி தேடுகிறவரும், சேற்றில் ஓடும் சின்ன உப்புக்கொத்திக்கென்று தேடுகிறவரும் ஒரே கருவியைக் கேட்பதில் பொருளில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் எவருக்கும் முதலில் தோன்றுவது, 'சரி, 600 காணாது, 1250 வாங்குவோம்' என்பதுதான். எனக்கும் தோன்றியது. கொழும்பில் உள்ள நண்பர் ஒருவர் வில்லையும் கண்ணாடியும் சேர்ந்த, தன்னுடைய 90 மி.மீ. மக்சுடோவ் தொலைகாட்டியை இரண்டு கிழமைக்குத் தந்தார். 1250 மி.மீ. குவியத் தூரம், ஆனால் ஒரு முழத்துக்கும் குறைவான குழாய்தான், கையில் அடங்கும். கமராவை நேரே பின்னால் திருகலாம், குவிப்பதற்கும் இடம் தாராளம். இணைப்பதற்கு இதைவிட இலகுவான தொலைகாட்டி இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் கடனீரேரியில் அது எனக்குச் சரிவரவில்லை. முதலாவது காரணம் வெளிச்சம். குவியத் தூரத்தை வாயின் விட்டத்தால் பிரித்தால் வருவது எஃப் எண்; அது கூடக் கூட வெளிச்சம் குறையும். 1250ஐ 90ஆல் பிரித்தால் எஃப் 13.9. எஃப் 7.5 உள்ள குழாயில் ஆயிரத்தில் ஒரு செக்கனுக்கு எடுக்கிற படத்தை, இதில் முந்நூறில் ஒரு செக்கனுக்குத்தான் எடுக்கலாம். சேற்றைக் கொத்திக்கொண்டே நடக்கிற பறவையின் தலை அதற்குள் அசைந்துவிடும். கமராவின் கண்ணுக்குள் பார்த்தால் மாலைக்கருக்கல் மாதிரி இருக்கும். கையால் குவிக்கிறவனுக்கு அந்த இருட்டு பெரிய தொல்லை. இரண்டாவது, நீரின் மினுக்கம். இந்த வகைத் தொலைகாட்டியின் நடுவில் ஒரு சிறு கண்ணாடி ஒளியை மறைத்துக்கொண்டு நிற்பதால், குவியத்துக்கு வெளியே உள்ள ஒவ்வொரு ஒளிப்பொட்டும் படத்தில் வளையமாக மாறும். வெயில் பட்ட கடனீரேரியில் இப்படி எத்தனை பொட்டுகள் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பறவைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வெள்ளை வளையங்கள், உழுந்து வடையைக் கொட்டிவிட்டது போல.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அது எந்தத் தொலைகாட்டிக்கும் பொது. கானல்.

யாழ்ப்பாணத்தின் தரை தட்டை. நீரும் ஆழமில்லை. அராலியிலோ மண்டைதீவுப் பக்கமோ, ஆனையிறவு வெளியிலோ, பாதி உலர்ந்த சேறு காலை வெயிலில் சட்டென்று சுட்டுவிடும். ஈரமான இடம் குளிர்ந்தபடியே இருக்கும். இரண்டுக்கும் மேலே உள்ள காற்று ஒன்றோடொன்று கலந்து கலங்கும். மாசி மாதத்தில் காலை எட்டரை தாண்டினால் நூறு மீற்றர் தூரத்துப் பறவையின் கால்கள் தண்ணீருக்குள் தெரிவதுபோல நெளியத் தொடங்கும். அந்த நெளிவைத் தொலைகாட்டியும் சேர்த்தே பெருப்பிக்கும். 600இல் நெளிகிற கால் 1250இல் இரண்டு மடங்கு பெரிதாக நெளியும், அவ்வளவுதான். பழைய தமிழில் கானல் என்றால் கடற்கரைச் சோலை; இப்போது பேய்த்தேருக்கு அதே சொல்லைச் சொல்கிறோம். மண்டைதீவுக் கண்டல் ஓரத்தில் பகல் பத்து மணிக்கு நின்றால் இரண்டு கானலும் ஒரே இடத்தில்தான்.

காசு கொடுத்து வாங்க முடியாத வில்லை, உங்களுக்கும் பறவைக்கும் இடையில் இருக்கிற காற்று. அதைக் குறைக்க வழி இரண்டுதான்: விடியற்காலை, அல்லது கிட்டப் போவது. ஆறரைக்குச் சூரியன் கிளம்பிய பிறகு ஒன்றரை மணித்தியாலம் கிடைக்கும். மேகம் மூடிய நாள் என்றால் இன்னும் கொஞ்சம். மிச்ச நேரத்தில் நான் படம் எடுப்பதில்லை. கண்வில்லையைப் போட்டுப் பறவைகளைப் பார்த்துக்கொண்டும் எண்ணிக்கொண்டும் இருப்பேன்.

அடுத்தது நிறம். நண்பர் ஒருவரிடம் 102 மி.மீ. வில்லையும் 500 மி.மீ. குவியத் தூரமும் உள்ள தொலைகாட்டி இருந்தது. எஃப் 5 என்பதால் வெளிச்சம் தாராளம், விலையும் அதிகமில்லை. சரசாலைக் குருவிக்காட்டில் வைத்து ஒரு பெரிய வெள்ளைக் கொக்கை எடுத்தேன். பின்னால் இருண்ட கண்டல், முன்னால் வெயிலில் கொக்கு. கமராத் திரையில் பார்க்க நல்ல படம்தான். வீட்டில் வந்து கணினியில் பெருப்பித்தபோது கொக்கின் கழுத்து முழுக்க ஓரத்தில் ஊதாக் கோடு. நாவற்பழச் சாயத்தைத் தொட்டு வரைந்தது போல.

சாதாரண இரட்டை வில்லை இரண்டு நிறங்களை மட்டுமே ஒரே இடத்தில் குவிக்கும். ஊதா தள்ளிப்போய் விழும். எஃப் எண் சின்னதாக ஆக ஆக இது மோசமாகும். சாம்பல் நாரையிலோ மண்ணிற உள்ளானிலோ பெரிதாகத் தெரியாது. எங்கள் கடனீரேரியிலோ கொக்கு, கரண்டிவாயன், ஆலா, நெடுங்கால் உள்ளானின் வயிறு என்று எங்கே பார்த்தாலும் வெள்ளை. வெள்ளைப் பறவை உள்ள ஊரில் இருக்கிறவர் ஈ.டி. கண்ணாடி (நிறங்கள் பிரிந்து விழுவதைக் குறைக்கும் கண்ணாடி) உள்ள வில்லைதான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான முடிவு. அதற்குக் காசு போதாதவருக்கு ஒரு வழி உண்டு: தடித்த அட்டையில் 70 மி.மீ. வட்டம் வெட்டித் தொலைகாட்டியின் வாயில் போடுங்கள். 102 மி.மீ. குழாய் எஃப் 7க்கு வந்துவிடும். வெளிச்சம் பாதிக்கு மேல் குறையும். ஆனால் ஊதாவும் பெருமளவு போய்விடும். நான் ஒரு மாரி முழுக்க அப்படித்தான் எடுத்தேன்.

அந்த மாரிக்குப் பிறகு வந்தது 2022. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறிய வருடம். 150-600 லென்ஸ் ஒன்றுக்குச் சேர்த்த காசு, அதில் பாதியளவுக்கே பெறுமதியாகிவிட்டது. அப்போதுதான் 80 மி.மீ. ஈ.டி. தொலைகாட்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 600 மி.மீ., எஃப் 7.5. என்னிடம் இப்போது இருப்பது அதுதான்.

இந்த இடத்தில் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். பறக்கிற பறவையை எடுக்க ஆசைப்படுகிறவர் தொலைகாட்டி வாங்க வேண்டாம். சேர்த்து வைத்து 150-600 லென்ஸ் வாங்குங்கள். அது தானாகக் குவிக்கும், நடுக்கத்தைத் தடுக்கும், இரண்டு கிலோவுக்குள் தோளில் தொங்கும். தொலைகாட்டியில் இவை எதுவும் இல்லை. குவிப்பது கையால்தான். துவாரத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. கெனான் கமராக்கள் திரையில் எஃப் எண்ணுக்குப் பதில் 00 என்று காட்டினாலும் ஒளியை அளந்து தரும். நிகோனின் 3000, 5000 வரிசைக் கமராக்கள் அதையும் செய்யா. எல்லாவற்றையும் கையால் வைக்கிற எம் நிலையில் வைத்து, ஒரு படம் எடுத்து, அதன் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று திரையில் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து நாமே திருத்த வேண்டும். கொக்கின் வெள்ளை வெளிறிப் போகாமல் ஹிஸ்டோகிராம் வலப்பக்கச் சுவரில் முட்டாமல் வைத்துக்கொண்டால் மிச்சத்தைப் பிறகு சரிபண்ணலாம். ஒரு காலைக்கு இரண்டு மூன்று தடவை மாற்றினால் போதும்.

நிற்கிற, மேய்கிற, கூடு காக்கிற பறவைக்கும், கமராவைக் கழற்றிவிட்டுக் கண்ணாலும் பார்க்க ஆசைப்படுகிறவருக்கும் தொலைகாட்டி. இந்தப் பிரிவினை தெளிவாக இருந்தால் பிறகு மனம் நோகாது.

இனி இணைப்பு. எல்லாரும் தொலைகாட்டிக்கு ஒரு மாதம் யோசித்துவிட்டு, இணைப்புக்கு ஐந்து நிமிடம் செலவழிப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். படம் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது இந்த அலுமினிய வளையங்கள்தான்.

முதலாவது துண்டு ரி வளையம். ஒரு பக்கம் உங்கள் கமராவின் லென்ஸ் வாயில் பூட்டும். மறுபக்கம் 42 மி.மீ. புரி. கமராவுக்குக் கமரா இதன் தடிப்பு வேறு: நிகோனுக்கு 8.5 மி.மீ., கெனானுக்கு 11 மி.மீ. புரி தொடங்கும் இடத்திலிருந்து சென்சர் வரை எந்தக் கமராவிலும் 55 மி.மீ. வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்த வேறுபாடு. இரண்டாவது துண்டு மூக்குக் குழாய்; அந்தப் புரியில் திருகி, தொலைகாட்டியின் குவிப்பானுக்குள் (குமிழைத் திருக உள்ளேயும் வெளியேயும் போகிற குழாய்) செருகுவது. இது ஒன்றேகால் அங்குலத்திலும் இரண்டு அங்குலத்திலும் வரும். உங்கள் தொலைகாட்டி இரண்டு அங்குலத்தை ஏற்குமென்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள். ஒன்றேகால் அங்குலக் குழாயின் உட்துளை 28 மி.மீ. அளவில்தான் இருக்கும்; டி 5300இன் சென்சர் மூலைக்கு மூலை 28 மி.மீ. மூலைகள் நான்கும் இருண்டுவிடும். முழுச்சட்டக் கமராவுக்கோ 43 மி.மீ. வேண்டும், ஒன்றேகால் அங்குலத்தில் படம் கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்த்தது போல வரும்.

இணையத்தில் ஒரு கடையில் ரி வளையம் கேட்டு வாங்கினேன். '42 மி.மீ.' என்று எழுதியிருந்தது, பார்வைக்கும் சரியாக இருந்தது. மூக்குக் குழாயில் வைத்துத் திருகினால் ஒரு சுற்று இலகுவாகப் போய் அப்படியே இறுகி நின்றது. எண்ணெய் போட்டேன். அசையவில்லை. பலமாகத் திருகக் கை கூசியது. எங்கள் ஊர் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

பட்டறை அண்ணைக்கு அறுபது வயதிருக்கும். ஊருக்குள் பொருட்கள் வராத காலத்தில் நீர் இறைக்கும் இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுத்த கை. வளையத்தை வாங்கி, சாரத்தில் துடைத்து, விரலால் ஒருதரம் உள்ளே தடவினார். பிறகு லாச்சிக்குள்ளிருந்து விசிறி மாதிரி விரிகிற சின்னத் தகடுக் கட்டொன்றை எடுத்தார். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் அரிவாள் பல் மாதிரி நுணுக்கமான பற்கள். ஒரு தகட்டைப் புரிக்குள் வைத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பற்களுக்கு இடையால் வெளிச்சம் கசிந்தது. அடுத்த தகடு. கசியவில்லை.

"தம்பி, இது ஒண்டு. உங்கடை குழாயிலை இருக்கிறது முக்கால். ரெண்டும் நாப்பத்திரண்டுதான், ஆனா புரி வேறை."

பழைய காலக் கமரா லென்ஸ்களுக்கும் 42 மி.மீ. புரிதான், ஆனால் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. முன்னேறும். ரி வளையத்தின் புரி ஒரு சுற்றுக்கு 0.75 மி.மீ. கடைக்காரர் அனுப்பியது பழைய லென்ஸுக்கான வளையம். கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வாங்கும்போது '42 × 0.75' என்று கேட்டு வாங்குங்கள். ஒரு சுற்றுக்கு மேல் இறுகினால் பலம் போடாமல் உடனே கழற்றுங்கள். அலுமினியப் புரி ஒருதரம் அரைந்தால் அவ்வளவுதான்.

சரியான வளையம் வர மூன்று கிழமை எடுத்தது. வந்தபிறகு அடுத்த பிரச்சினை, முதலாவதின் மறுபக்கம். வில்லைத் தொலைகாட்டியில் கண்ணால் பார்க்கும்போது இடையில் ஒளியைத் திருப்புகிற டயகனல் ஒன்று இருக்கும். ஒளி அதற்குள் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் ஓடும். கமராவுக்காக அதைக் கழற்றினால் அந்தத் தூரத்துக்கு யாராவது ஈடுகொடுக்க வேண்டும். குவிப்பான் முழுக்க வெளியே வந்தும் விம்பம் இன்னும் பின்னாலே. பறவை கிட்ட வர வர விம்பம் இன்னும் வெளியே ஓடும். மச்சானின் தொலைகாட்டியில் உள்ளே இடம் போதவில்லை, இதில் வெளியே இடம் போதவில்லை. இதற்கு ஒரு நீட்சிக் குழாய் வேண்டும்.

அதையும் பட்டறை அண்ணைதான் கடைந்து தந்தார். வெளி விட்டம் 50.8 மி.மீ., நீளம் 80. வேணியர் இடுக்கியால் மூன்று இடத்தில் அளந்து, ஒரு மயிரிழை மட்டும் குறைத்து முடித்தார். குவிப்பானுக்குள் வைத்தபோது காற்றுப் பிரியும் சத்தத்தோடு மெல்ல இறங்கியது. ஆனால் முதல் காலைப் படங்கள் எல்லாவற்றிலும் வெள்ளை மூட்டம். குழாயின் உள்பக்கம் பளபளவென்று இருந்ததால் வானத்து வெளிச்சம் உள்ளே தெறித்துச் சென்சரில் விழுந்திருக்கிறது. அண்ணையிடம் விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் குழாயைக் கண்ணில் வைத்து வாசலைப் பார்த்தார். திரும்ப லேத்தில் பூட்டி, உள்பக்கம் முழுக்க நெருக்கமாகப் புரி மாதிரி வரிகள் வெட்டினார். அதன்மேல் மினுக்கமில்லாத கறுப்புப் பெயின்ற் அடித்தோம். மூட்டம் போய்விட்டது. பிறகு படித்தபோது, நல்ல தொலைகாட்டிகள் செய்கிறவர்களும் உட்சுவரில் இப்படித்தான் வரி வெட்டுவார்கள் என்று அறிந்தேன். அவருக்கு அதை எவரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கண்வில்லையைக் கழற்றாமலே அதற்குப் பின்னால் கமராவைப் பிடித்து எடுக்கும் முறையும் இருக்கிறது. 1999இல் மலேசியாவின் லாரன்ஸ் போ, கூல்பிக்ஸ் 950 என்கிற சின்ன டிஜிட்டல் கமராவைத் தன் தொலைகாட்டிக்குப் பின்னால் வைத்து எடுத்த படங்கள்தான் இதை உலகமெங்கும் பரப்பின. சின்னக் கமராவுக்கும் கைபேசிக்கும் அருமையான முறை. டி.எஸ்.எல்.ஆருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கண்வில்லை 20 மடங்கு காட்டுமென்றால், 50 மி.மீ. லென்ஸ் பூட்டிய கமராவுக்கு அது 1000 மி.மீ. ஆகிறது; 80 மி.மீ. வாய்க்கு எஃப் 12.5. வெளிச்சம் போகும், மூலைகள் இருளும், கமராவின் பாரம் முழுக்கக் கண்வில்லையில் தொங்கும். என்னுடைய மகள் கைபேசியை ஒரு பிடியில் பூட்டி இந்த முறையில் காணொளி எடுக்கிறாள். பறவையின் காலில் யாராவது ஆய்வாளர் போட்ட வளையத்தின் எழுத்தை வாசிக்க அவளுடைய முறைதான் என்னுடையதைவிட நல்லது. மன்னாரில் தடங்காட்டிக் கருவி பொருத்திய கடற்காகங்கள் ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை போய்ச் சேர்ந்ததைக் கேட்டதிலிருந்து, காலில் வளையமுள்ள பறவையைத் தேடுவதுதான் அவளுக்கு முதல் வேலை.

முக்காலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொலைகாட்டியோடு தருகிற முக்காலி இதற்கு உதவாது. குழாயும் கமராவும் வளையங்களும் சேர்ந்து எங்கள் சமையலறைத் தராசில் நாலு கிலோவைத் தொட்டன. அதைத் தாங்குகிற கால்களும், எண்ணெய் இழுவை உள்ள வீடியோத் தலையும் வேண்டும். கமராவைப் பூட்டியபிறகு பாரம் பின்னால் போகும் என்பதால் குழாயை முன்னே தள்ளிச் சமப்படுத்துங்கள். கையை எடுத்தால் மூக்கு நிமிரவும் கூடாது, குனியவும் கூடாது. மார்கழி வாடைக்காற்றுக்கு, முக்காலியின் நடுவில் கல் நிரப்பிய உரப்பை ஒன்றைத் தொங்கவிடுவேன். பண்ணை வீதியோரம் நிற்கிறவர்கள், ஊர்காவற்றுறை பஸ் கடந்து போய் முடியும்வரை விசையை அழுத்த வேண்டாம். தரை அதிர்வது காலுக்குத் தெரியாது, 600 மி.மீ. குழாய்க்குத் தெரியும். விசையையும் விரலால் அழுத்தாமல் தொலை இயக்கியால் அழுத்துவது நல்லது.

குவிப்பதற்கு எனக்கு உதவுவது, மீன்பிடிக்கக் கடலில் நட்டிருக்கும் களங்கட்டித் தடிகள். ஆலாவும் மீன்கொத்தியும் நீர்க்காகமும் மாறி மாறி அதே தடிகளில்தான் வந்து இருக்கும். திரையைப் பெருப்பித்து வைத்துக்கொண்டு, தடியின் உச்சியில் வெயிலில் வெடித்த கோட்டில் குவித்துப் பூட்டிவிட்டுக் காத்திருப்பேன். பறவை வந்து இருந்தால் மயிரளவு திருத்தினால் போதும்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறக்கக் கூடாது: மாலையில் பண்ணையில் சூரியன் கடலுக்குள் இறங்கும் அழகைக் கமராவின் கண்ணுக்குள்ளால் பார்க்க எவருக்கும் ஆசை வரும். தொலைகாட்டி பூட்டிய கமராவால் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும். பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் வாய்மூடியைப் போட்டுவிட்டே அங்காலே போங்கள். உப்புக்காற்று பட்ட குழாயை வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு, சிலிக்கா பொதிகளோடு மூடிய பெட்டிக்குள் வையுங்கள். இங்கே வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்க ஒரு மாரி காணும்.

நீளக் குழாயொன்றை முக்காலியில் வைத்துக்கொண்டு வீதியோரம் நின்றால் இங்கே கேள்வி வரும். யார் வந்து கேட்டாலும் நான் முதலில் திரையில் ஒரு படத்தைக் காட்டுவேன், பிறகு கண்வில்லையைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பார்த்தவர்கள் எவரும் உடனே போனதில்லை.

போன மாசியில் சரசாலைப் பக்கம், இருள் பிரியமுதல் போய்ச் சேற்றோரம் சாக்கை விரித்து இருந்தேன். முக்காலியின் கால்களை முழுக்க மடக்கிக் குழாயைப் பறவையின் உயரத்துக்கு இறக்கியிருந்தேன். அசையவில்லை. வெளிச்சம் வந்தபோது உள்ளான்கள் எண்பது மீற்றரில் மேய்ந்தன. ஏழு மணிக்கு அறுபது. ஏழேகாலுக்கு இரண்டு பறவைகள் கூட்டத்தைவிட்டு என் பக்கமாக நடந்து வந்தன. காலைத் தூக்கும்போது விரல்கள் மடங்குவதும், நீர்த்துளி முழங்காலிலிருந்து வழிவதும் தெரிந்தது. குமிழை வெளியே வெளியே திருகிக்கொண்டே இருந்தேன். முப்பது மீற்றரில் ஒன்று நின்று, தலையைச் சரித்து, குழாயை நேராகப் பார்த்தது. ஐ.எஸ்.ஓ. 800, ஆயிரத்தில் ஒரு செக்கன். சிவப்புக் கண்ணுக்குள் சூரியன் ஒரு புள்ளியாக இருந்தது.

அந்தப் படத்தை அச்சிட்டுப் பட்டறை அண்ணைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு ஓரத்தைப் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.

"உது எந்த நாட்டிலை?"

"எங்கடை சரசாலையிலை, அண்ணை."

அவர் நம்பவில்லை. அடுத்த ஞாயிறு அதிகாலை சைக்கிளில் எங்கள் படலையடிக்கு வந்து மணி அடித்தார். சேற்றோரத்தில் டயகனலைப் போட்டு, கண்வில்லையைப் போட்டு, அவரை இருக்கச் சொன்னேன். கண்ணை வைத்ததும் எடுக்கவில்லை. பறவை நடக்க நடக்கக் குழாயைத் தானே மெல்லத் திருப்பினார். மகள் பக்கத்தில் குந்தியிருந்து, "பெரியப்பா, கண் சிவப்பாத் தெரியுதோ?" என்று கேட்டாள். "பொறு பிள்ளை" என்றார். அவருடைய இடக்கைப் பெருவிரல், கமராவோடு சாக்கில் கழற்றி வைத்திருந்த நீட்சிக் குழாயின் வரிகளை உள்ளே தடவிக்கொண்டிருந்தது.